அத்தாவின் காரும் ஒரு கணக்கு நோட்டும்

எங்கள் வீட்டு வாசலில் முப்பது ஆண்டுகளாக ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் நிற்கிறது. 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் என் தந்தையார் அதை வாங்கினார். திருச்சி காந்தி மார்க்கெட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவந்த அவருக்கு அதுவே முதல் கார். அதுவே கடைசிக் காரும் ஆயிற்று. 2009-இல் அவர் மறைந்தார். கார் மட்டும் எங்களுடன் இருக்கிறது.

"இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காத உறவினர் இல்லை. உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. உதிரிப் பாகம் ஒன்று வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். ஷார்ஜாவில் பணிபுரியும் என் மகன் ஒவ்வொரு விடுமுறையிலும், "அத்தா, புதுக் கார் ஒன்று வாங்கித் தருகிறேன். பொத்தானை அழுத்தினால் எத்தனை பாகை வேண்டுமோ அத்தனை பாகைக் குளிரை அதுவே பார்த்துக்கொள்ளும்" என்பான். நானும் பலமுறை மனம் அசைந்தேன். அசையாதவர் என் தாயார் ஒருவரே. "நான் இருக்கும்வரை அது இருக்கட்டும் தம்பி" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

அந்தக் காரில் குளிர்சாதனம் பழுதுபட்டதும், அதை நான் சிக்கனம் என்று நினைத்துச் சரிசெய்ய முயன்றதும், அதனால் எங்கள் குடும்பத்துக்கு நேரவிருந்த ஆபத்துமே இக்கட்டுரையின் பொருள். இயந்திரம் அறிந்தவர்களுக்காக இதை நான் எழுதவில்லை. பழைய கார் ஒன்றை அன்போடு வைத்திருக்கும் என்னைப் போன்ற சாதாரணக் குடும்பத்தாருக்காகவே எழுதுகிறேன்.

திரைச்சீலைக் கார்

என் தாயார் கூத்தாநல்லூரில் பிறந்தவர். 1963-இல் மணமுடித்துத் திருச்சிக்கு வந்தபோது வாடகைக் கார் ஒன்றில் அழைத்து வந்தார்களாம். அக்காலத்தில் நம் பெண்கள் காரில் பயணம் செய்வதென்றால் கண்ணாடிகளுக்கு உட்புறம் திரைச்சீலை கட்டுவது வழக்கம். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. சித்திரை வெயில். பட்டுப்புடவையும் நகைகளுமாக ஐந்து பெண்கள் பின் இருக்கையில். திரைக்கு அப்பால் காற்று இருந்தது. திரைக்கு இப்பால் இல்லை. தஞ்சாவூர் வருவதற்கு முன்பே மணப்பெண் மயங்கிவிட்டார். "உங்க அத்தா வீட்டுக்கு நான் நினைவில்லாமல்தான் வந்தேன்" என்று அம்மா இப்போதும் சிரிப்பார்.

எங்கள் அம்பாசிடரிலும் முதல் மூன்று ஆண்டுகள் அதே நிலைதான். முன் கதவுகளில் உள்ள முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் ஓட்டுபவர் முகத்தில் காற்று அடிக்கும். பின்னால் திரைக்குள் அமர்ந்திருப்பவர்களுக்கு அதில் பங்கு கிடையாது. 1997-இல் அம்மாவுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளில், பாதி வழியில் வெப்பம் தாளாமல் அம்மா துவண்டு சாய்ந்ததை அத்தா கண்ணாடியில் பார்த்தார். எதுவும் பேசவில்லை. அடுத்த மாதம் காரை ஒரு கடையில் விட்டு ஏ.சி. பொருத்திக் கொண்டு வந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே கறுப்பு நிறப் பெட்டி ஒன்று தொங்கியது. இரண்டு திருகுகள், ஒன்று காற்றுக்கு, மற்றொன்று குளிருக்கு. கடைக்கே மின்விசிறி வாங்கத் தயங்கிய மனிதர் அன்று எவ்வளவு செலவழித்தார் என்பதை எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எழுதி வைத்தார். அந்த எழுத்துக்குப் பிறகு வருகிறேன்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

வாகனத்தின் ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காரிலும் அதே நியதிதான். தண்ணீருக்குப் பதிலாக மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும் ஒரு பொருளை மூடிய குழாய்களுக்குள் சுற்றவிடுகிறார்கள். எஞ்சினோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்துகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுத் திரவமாகிறது. பிறகு ஒரு சிறு துவாரம் வழியே டேஷ்போர்டுக்குக் கீழுள்ள கூலிங் காயிலுக்குள் பீச்சப்பட்டு ஆவியாகிறது. அந்தக் காயிலின்மீது புளோயர் ஊதும் காற்றே நம் முகத்தில் குளிர்ந்து படுகிறது. காற்றிலுள்ள ஈரம் காயிலில் பனித்து, ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. ஏ.சி. காரின் கீழே தண்ணீர் சொட்டுவது பழுதன்று, நலத்தின் அடையாளம்.

எங்கள் காரில் முதலில் நிரப்பப்பட்டது ஆர்-12 என்னும் வாயு. மணமற்றது, எரியாதது, உள்ளே இருப்பவருக்குக் கேடு செய்யாதது. ஆனால் அது வானில் ஏறி ஓசோன் படலத்தைச் சிதைக்கக் கூடும் என்று 1974-இலேயே மோலினா, ரோலண்ட் என்ற இரு அறிஞர்கள் எச்சரித்தனர். 1995-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவர்கள் இருவர். 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் உலக நாடுகள் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் கைவிட்டன. இந்தியாவிலும் 2010-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு ஆர்-12 விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்தது ஆர்-134ஏ. ஓசோனுக்கு அது தீங்கு செய்யாது. எனினும் புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வல்லமை கொண்டது. ஆகவே அதையும் காற்றில் திறந்துவிடுவது தவறு.

வாயு மாறும்போது வேறு சிலவும் மாற வேண்டும். ஆர்-12 உடன் கம்ப்ரஸருக்குப் பயன்பட்ட கனிம எண்ணெய் ஆர்-134ஏ-இல் கலந்து ஓடாது. எண்ணெய் வழியில் எங்கேனும் தேங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும். பழைய ரப்பர் வளையங்களையும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். 2012-இல் எங்கள் காருக்கு வாயு மாற்றிய கடைக்காரர் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை; நானும் கேட்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் கம்ப்ரஸர் சிக்கி நின்றது. வேறொரு கம்ப்ரஸர் வாங்கிப் போட்டேன். அப்போதும் பாடம் படிக்கவில்லை.

சிக்கனம் என்று நினைத்தது

2022-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோடையிலும் குளிர் குறையத் தொடங்கியது. கடைக்குச் செல்வேன். "கேஸ் தீர்ந்துவிட்டது" என்பார்கள். நிரப்புவார்கள். நாலைந்து மாதம் ஓடும். மீண்டும் கடை. பெட்ரோல் தீர்வதுபோலக் கேஸும் தீரும் போலும் என்று நானும் நம்பினேன். படித்தவன், முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவன். மூடிய குழாய்க்குள் சுற்றும் பொருள் எப்படித் தீரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

2024 மார்ச் மாதம். நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தன. வழக்கமாகச் செல்லும் கடையில் கேட்ட தொகை அதிகமாகப் பட்டது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் அதில் பாதிக்கும் குறைவாகச் சொன்னார்கள். பதினைந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. மேல் தாள் ஒட்டாத ஒரு சிறிய உருளையிலிருந்து கேஸ் ஏற்றினார்கள். குளிரோ முன்னைவிட நன்றாக இருந்தது. மிச்சமான பணத்தை எண்ணி மகிழ்ந்தபடி வீடு வந்தேன்.

குளிர் வந்தது, கூடவே ஒரு முடை நாற்றமும் வந்தது. ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தது போன்ற வாடை. முன் இருக்கையின் கால் மிதியடி எப்போதும் நனைந்திருந்தது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின மாலை அம்மா சொன்னார்: "பெருநாளும் அதுவுமாய் வண்டி இப்படி வீசலாமா? சாம்பிராணி போடு தம்பி."

நான் அடுப்புக் கரியைக் கனியவைத்துத் தூபக்காலில் இட்டு, சாம்பிராணி தூவி, கார் மிதியடியின்மேல் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்தேன். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, கதவுகளைச் சாத்தினேன். கால் மணி நேரம் புகை உள்ளேயே சுழன்றது. என் ஆறு வயதுப் பேரன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு புகை சுருள்வதை வேடிக்கை பார்த்தான். இந்தக் காட்சியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வல்லத்தில் ஒரு நண்பகல்

மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். கூத்தாநல்லூரில் இருக்கும் பெரியம்மா உடல்நலம் குன்றியிருப்பதாகத் தகவல் வந்தது. அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. இரத்த அழுத்தமும் இதய பலவீனமும் உண்டு. அக்காவைப் பார்க்காமல் அவர் உணவு கொள்ளமாட்டார் என்று தெரிந்ததால் காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம்.

துவாக்குடி வரை குளிர் இருந்தது. அதன்பின் சாலைப் பணி காரணமாக வாகனங்கள் வரிசையாக நின்றன. கார் நின்றதும் குளிர் மறைந்து வெறுங்காற்று வந்தது. எஞ்சின் வெப்பமுள் மேலேறியது. பயந்து ஏ.சி.யை அணைத்தேன். மீண்டும் ஓட்டினால் சற்றுக் குளிரும், நின்றால் அனல். வல்லத்தை நெருங்கும்போது ஓட்டத்திலும் குளிர் இல்லை. கண்ணாடியைக் கீழிறக்கினால் அடுப்பைத் திறந்ததுபோல் காற்று. என் மனைவி, "இங்கே பாருங்க, அத்தை பேச மாட்டேங்கிறாங்க" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் சிவந்து, உதடுகள் வறண்டு, விழிகள் சொருகியிருந்தன. 1963-இலும் 1997-இலும் அத்தா கண்டதை 2024-இல் நான் கண்டேன்.

சாலையோரப் புளியமரத்தடியில் இளநீர் விற்ற ஒரு பெண்மணி ஓடிவந்தார். கயிற்றுக் கட்டிலைக் காலி செய்து கொடுத்தார். தம் முந்தானையையே தண்ணீரில் நனைத்து அம்மாவின் கழுத்திலும் கைகளிலும் ஒற்றினார். கால் மணி நேரத்தில் அம்மா கண் திறந்து பேசினார். நினைவு தெளிந்த பிறகே இளநீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தோம். காசு கொடுக்கப் போனபோது, "எங்க ஆத்தாவுக்குச் செஞ்சதுக்குக் காசு வாங்குவேனா?" என்று மறுத்துவிட்டார். தஞ்சாவூரில் மருத்துவரிடம் காட்டினோம். வெப்பத் தாக்குதலின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருக்கிறார் என்றார் அவர். அல்ஹம்துலில்லாஹ், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாடகை ஏ.சி. காரில் அம்மாவை ஊர் திருப்பி அனுப்பினேன். பெரியம்மாவைப் பார்க்காமலே திரும்பியதால் அம்மா வழி நெடுக ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். எங்கள் காரை மாலை வெயில் தாழ்ந்தபின் தனியாக ஓட்டி வந்தேன்.

சோப்பு நுரை சொன்ன உண்மை

பாலக்கரையில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் நண்பர் ஒருவர் அனுப்பினார். அவர் கேஸ் நிரப்பும் பேச்சையே எடுக்கவில்லை. "கேஸ் எங்கே போச்சுன்னு பார்க்காம மறுபடி ஏத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை பாய்" என்றார்.

முதலில் கண்டென்சரைக் காட்டினார். அதன் தகடுகளுக்கிடையே புழுதியும் பூச்சிகளும் அப்பி அடைத்திருந்தன. அதற்கு முன்னாலிருந்த மின்விசிறி எப்போதோ எரிந்துபோயிருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்தது. நின்றதும் வெப்பம் போக வழியின்றி நின்றது. முடை நாற்றத்துக்கும் விடை கிடைத்தது. தண்ணீர் வடியும் சிறு குழாயில் மண் அடைத்திருந்தது. வெளியேற வேண்டிய நீர் உள்ளேயே தேங்கிப் பூசணம் பிடித்திருந்தது. மெல்லிய கம்பியும் காற்றுமாக இரண்டு நிமிட வேலை அது. அதற்குத்தான் நான் சாம்பிராணி போட்டிருக்கிறேன்.

பிறகு கசிவைத் தேடினார். கூலிங் காயிலின் ஓரத்தில் சோப்பு நுரை பூசியதும் சிறு குமிழ்கள் எழுந்தன. ஆர்-134ஏ வாயுவை உணர்ந்தால் ஒலி எழுப்பும் கருவியை அங்கே வைத்தார். ஒலி எழவில்லை. நுரையோ குமிழ்ந்துகொண்டே இருந்தது. அவர் முகம் மாறிற்று. பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்துகொண்டிருந்த பையனை உடனே நிறுத்தச் சொன்னார். காரைத் திறந்த வெளிக்குத் தள்ளினோம். எரிவாயுக் கசிவைக் காட்டும் வேறொரு கருவியைக் கொண்டுவந்து வைத்தார். அது அலறியது.

"பாய், கடைசியா எங்கே கேஸ் அடிச்சீங்க? உள்ளே இருக்கிறது கார் கேஸ் இல்லை. அடுப்புல எரியுற வகை."

புரோப்பேன், பியூட்டேன் போன்ற எரிவாயுக்களும் நன்கு குளிரூட்டும். விலை மலிவு. இன்று நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ என்ற பெயரில் இருப்பதும் இவ்வகைதான். ஆனால் அங்கே சில பத்து கிராம் அளவே உண்டு. ஆலையிலேயே அதற்கெனப் பாதுகாப்போடு அமைத்து மூடப்பட்டிருக்கிறது. காரில் ஏறுவதோ பல நூறு கிராம். காயில் இருப்பதோ நாம் அமரும் அறைக்குள். சமையல் எரிவாயுவில் கசிவை அறிவிக்க வாடை சேர்ப்பார்கள். குளிர்பதனத்துக்கென அடைத்து விற்கும் வாயுவில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. காற்றைவிடக் கனமானதால் அது தரையில் படிந்து தேங்கும்.

தரையில் என்றால், நான் தூபக்கால் வைத்த அதே மிதியடியின்மேல்.

எனக்குக் கால்கள் தளர்ந்தன. பட்டறை வாசலில் கிடந்த டயரின்மீது உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்ற பேரனின் முகம் கண்முன் வந்தது. அன்று கசிவு மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். அல்லது கதவுகளைத் திறந்தபோது வெளியேறியிருக்க வேண்டும். எங்களைக் காத்தது இறைவனின் கருணையே அன்றி என் அறிவு அன்று.

மறுநாள் அந்த நெடுஞ்சாலைக் கடைக்குச் சென்றேன். கோபத்தோடுதான் சென்றேன். கடைக்காரர் நான் சொன்னதை மறுக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. "குறைஞ்ச விலைக்கு எது வருமோ அதைப் போடுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். குற்றம் அவருடையதுதான், எரியும் வாயு என்று சொல்லாமல் ஏற்றியது பெருங்குற்றம். ஆனால் அந்த வார்த்தையை நான் சொன்னதும் உண்மை. என்ன ஏற்றுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இனி யாருக்கும் அதை ஏற்றாதீர்கள் என்று மட்டும் உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அத்தாவின் எழுத்து

பட்டறை இளைஞர், முதலில் எவ்வளவு கேஸ் ஏற்றினார்கள் என்ற கணக்கு இருந்தால் நல்லது என்றார். பிற்பாடு பொருத்திய ஏ.சி. ஆதலால் எந்தப் புத்தகத்திலும் அது இராது. வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து பீரோவைத் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துத் தந்தார். கடைப் பேரேட்டில் எழுதும் அதே சாய்ந்த எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த கூலி.

1997-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஏ.சி. பொருத்திய செலவு ரூபாய் கணக்கில் இருந்தது. அது அந்த ஆண்டு அவர் தமக்கென்று ஒதுக்கியிருந்த முழுத்தொகை என்று அம்மா சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் கீழே: "கேஸ் ஆர்-12, எடை 900 கிராம். எண்ணெய் பெயர் கேட்டு எழுதியுள்ளது." அதற்கும் கீழே சிவப்பு மையில்: "குளிர் குறைந்தால் கேஸ் ஏற்றும் முன் கசிவு பார்க்கவும். தண்ணீர்க் குழாய் மாதம் ஒரு முறை."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அத்தா. அவர் 1997-இலேயே எழுதி வைத்ததை, பட்டம் பெற்ற மகன் இருபத்தேழு ஆண்டுகள் கழித்து ஆபத்தின் வாசலில் நின்று கற்றுக்கொண்டான். 2009-க்குப் பிறகு அந்த நோட்டில் ஒரு வரியும் இல்லை. காரை அத்தாவின் நினைவாக வைத்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பேணிய முறையை மட்டும் பீரோவில் பூட்டிவிட்டேன்.

வேலை ஆறு நாட்கள் நடந்தது. உள்ளிருந்த வாயுவை இயந்திரத்தால் உறிஞ்சித் தனி உருளையில் அடைத்தார். தம்மிடமிருந்த நல்ல வாயுவில் அதைக் கலக்க மாட்டேன் என்றார். பொத்தலான காயிலைக் கழற்றிப் புதிது போட்டார். ரப்பர் வளையங்கள், டிரையர், இரண்டு குழாய்கள், கண்டென்சரின் மின்விசிறி ஆகியவற்றை மாற்றினார். நைட்ரஜனை அழுத்தி ஓர் இரவு முழுவதும் வைத்து, அழுத்தம் இறங்கவில்லை என்று உறுதி செய்தார். பின் குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் முக்கால் மணி நேரம் உறிஞ்சி எடுத்தார். பதினைந்து நிமிடத்தில் முடித்த கடையில் இந்த வேலை நடக்கவே இல்லை என்பது அப்போது விளங்கிற்று. ஆர்-12 இருந்த இடத்தில் ஆர்-134ஏ சற்றுக் குறைவாகவே வேண்டும் என்று கூறி, எடைத் தராசில் வைத்து 780 கிராம் ஏற்றினார். வெளியே 38 பாகை வெயிலில், காற்று வாயில் வைத்த வெப்பமானி 12 பாகை காட்டிற்று. மொத்தச் செலவு பதினெட்டாயிரம் ரூபாய். நான் சிக்கனம் என்று மூன்று ஆண்டுகளில் கேஸுக்குச் செலவிட்டதும் கம்ப்ரஸருக்குக் கொடுத்ததும் சேர்ந்தால் அதைவிட அதிகம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தவணை. பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரமாக உயர்ந்திருந்தது. விற்றுவிடலாமா என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. என் மகன் தொலைபேசியில் சொன்னது நியாயமான வாதம்தான்: "நன்னி உடம்புக்கு ஒன்று ஆகிவிட்டால் கார் இருந்து என்ன பயன், அத்தா?" இம்முறை நான் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். கத்திரி வெயிலில் நண்பகல் பயணம் இல்லை. வெளியூர் போகும் முன் பட்டறையில் ஒரு பார்வை. இவற்றில் ஒன்று தவறினாலும் காரை விற்றுவிடுவேன். நினைவுக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது அத்தாவுக்குப் பிடித்த காரியமாக இராது.

சகோதர சகோதரிகளுக்கு ஒரு சொல்: உங்கள் காரில் குளிர் குறைந்தால் கேஸ் தீர்ந்தது என்ற சொல்லை நம்பாதீர்கள், எங்கே கசிகிறது என்று கேளுங்கள். உருளையின்மேல் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். நின்றால் மட்டும் குளிர் போகிறதா? மின்விசிறியையும் கண்டென்சரையும் பாருங்கள். முடை வாடை வந்தால் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். வாடையை மறைக்க நறுமணம் தேடாதீர்கள். மூடிய காருக்குள் கனலைக் கொண்டு செல்லவே வேண்டாம். முதியவர்களையும் குழந்தைகளையும் நண்பகல் வெயிலில் பழைய காரில் ஏற்றும்போது தண்ணீரும் ஒரு துணியும் கைவசம் இருக்கட்டும்.

ஜூன் மாதம் ஒருநாள் சுப்ஹு தொழுகை முடிந்ததும் கூத்தாநல்லூருக்குப் புறப்பட்டோம். வல்லத்தில் நிறுத்தி, இளநீர் விற்கும் அந்தப் பெண்மணியிடம் அம்மா ஒரு பை நிறையப் பலகாரம் கொடுத்தார். பலகாரத்தை அவர் மறுக்கவில்லை. வெயில் ஏறுமுன் ஊர் சேர்ந்தோம். பெரியம்மா திண்ணைக்கு வந்து தங்கையின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார். "அவங்க போட்டுக் கொடுத்த குளிருதான்" என்றார் அம்மா.

வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த காரின் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு பூனை அந்த ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. நான் முன் இருக்கையில் அமர்ந்து சிவப்பு நோட்டைத் திறந்தேன். அத்தாவின் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினேன். "கசிவு இல்லை. தண்ணீர் நன்றாக வடிகிறது" என்று அதன் பக்கத்தில் குறித்தேன்.